பீப் ஒலி எதற்குச் சாட்சி? மருத்துவமனைப் பார்கோடு முறையின் குறைகள்

2013 ஜூலையில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் 16 வயதுப் பையன் ஒருவன் பரிசோதனைக்காக அனுமதிக்கப்பட்டிருந்தான். பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவன் என்பதால், தொற்று அண்டாமலிருக்க வீட்டில் காலையும் மாலையும் ஒவ்வொரு மாத்திரை சாப்பிட்டு வந்தான். நம் ஊர் மருந்துக் கடைகளில் செப்ட்ரான் என்று கேட்டால் கிடைக்கும் அதே கோட்ரைமாக்சசோல்தான். அன்றிரவு மருந்துப் பிரிவிலிருந்து அவன் பெயருக்கு வந்து சேர்ந்தவையோ 38½ மாத்திரைகள். எண்ணிக்கை செவிலியருக்கு விநோதமாகப் பட்டது. ஆனால் பையனின் கைப்பட்டையையும் மாத்திரைப் பொட்டலங்களையும் ஸ்கேன் செய்து பார்த்தபோது, 38½தான் கொடுக்க வேண்டிய அளவு என்று திரை உறுதி சொன்னது. பையன் அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் அவனுக்கு வலிப்பு கண்டது. நல்லவேளையாக உயிர் பிழைத்தான்.

தவறு நேர்ந்த இடம் கட்டிலருகே அல்ல. 40 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள பிள்ளைகளுக்கு மருந்தளவை எடைக்கு ஏற்பவே குறிக்க வேண்டும் என்பது அங்கே விதி. பையனின் எடை 38.6 கிலோ. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 193 மில்லிகிராம் வரும். மாத்திரையில் இருப்பதோ 160 மில்லிகிராம். அதைச் சரிசெய்யும்படி மருந்தாளுநர் கேட்டுக்கொள்ள, இளம் மருத்துவர் கணினியில் 160 என்று தட்டினார். அந்தக் கட்டத்தின் அலகு அப்போது ‘மில்லிகிராம்’ என்று இருக்கவில்லை, ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்று இருந்தது. 160-ஐ 38.6-ஆல் பெருக்கி, ஆறாயிரத்துச் சொச்சம் மில்லிகிராமை மாத்திரைக் கணக்காக்கி, 38½ என்று கணினி எழுதிக்கொண்டது. எச்சரிக்கைகள் எழுந்தன, எந்நேரமும் எழுந்துகொண்டே இருக்கும் எச்சரிக்கைகளோடு அவையும் தள்ளப்பட்டன. மருந்துகளைப் பொட்டலமிடும் இயந்திரம் சொன்னதைச் செய்தது. கடைசியாகப் பார்கோடும் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்து முடித்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனர் பழுதாகவில்லை, லேபிள் கிழியவில்லை, செவிலியர் விதியை மீறவும் இல்லை. பார்கோடு முறை ஒப்பிடுவது மூன்றை மட்டும்தான்: நோயாளியின் கைப்பட்டையில் உள்ள எண், மருந்தின் உறையில் உள்ள எண், இவ்விரண்டையும் இணைத்துக் கணினியில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் மருந்துக் குறிப்பு. மூன்றும் ஒத்துப்போனால் ‘பீப்’ என்று ஒலிக்கும். அந்தக் குறிப்பு அறிவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்கும் வேலை அதற்குத் தரப்படவில்லை. ஆனால் நள்ளிரவில், பழக்கமில்லாத வார்டில் பணியாற்றும் ஒரு செவிலியரின் காதில் அந்த ஒலி ‘இதைக் கொடுக்கலாம்’ என்று விழுகிறது. மருத்துவமனைகளில் பார்கோடு ஏற்படுத்தும் தொல்லைகளில் பெரும்பகுதி, அந்த ஒலி உண்மையில் சொல்வதற்கும் நாம் கேட்டுக்கொள்வதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியிலிருந்தே முளைக்கிறது என்பது என் கருத்து.

பார்கோடு கடைத்தெருவுக்கென்று பிறந்த பொருள். நார்மன் ஜோசப் உட்லண்டும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்ற யோசனை, 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரப் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மேல் முதன்முறையாகப் பணம் வாங்கும் மேசையில் பயன்பட்டது. கட்டிலருகே மருந்து கொடுக்கும் வேலைக்கு அது வந்த கதை சுவையானது. கான்சஸ் மாநிலம் டொபீகாவில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக் என்ற செவிலியர், 1990-களின் தொடக்கத்தில் ஒரு பயணத்தின்போது வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். அங்கே ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியால் காரின் குறியீட்டைப் படித்துக் கணக்கை முடித்ததைக் கண்டவருக்கு, காருக்கு முடிவது மருந்துக்கு முடியாதா என்று தோன்றியது. அவர் ஊர் மருத்துவமனையில் தொடங்கிய சோதனை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கா முழுவதும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் பரவலாயிற்று. தவிர்க்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை அமெரிக்க மருத்துவமனைகளில் இறக்கக்கூடும் என்று 1999-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் மதிப்பிட்டதும், பார்கோடுக்கு ஆதரவு பெருகியது. மருத்துவமனைகளுக்குப் போகும் மருந்துகளில் பார்கோடு இருந்தாக வேண்டும் என்று 2004-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் விதித்தது.

குறைகளைச் சொல்லப் புகுமுன் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த முறை வேலை செய்கிறது. பாஸ்டனில் உள்ள பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் 14,041 முறை மருந்து கொடுக்கப்பட்டதை நேரில் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் தவறுவதைச் சேர்க்காத பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்திருந்தன. நோயாளிக்குத் தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகள் 3.1 சதவீதத்திலிருந்து 1.6 ஆயின. ஏறத்தாழப் பாதி. எனவே பார்கோடு வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வி அல்ல. எஞ்சியிருக்கும் அந்த 6.8 சதவீதம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு பார்கோடே கொண்டு வந்து சேர்த்தது என்பதுதான் கேட்கத் தகுந்தது.

செவிலியர் பள்ளியில் முதல் ஆண்டிலேயே மனப்பாடமாகிவிடும் பாடம் ஒன்று உண்டு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தில் முதலிரண்டைத்தான் பார்கோடு முழுமையாகப் பார்க்கிறது. நேரத்தைக் கணினிக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். அளவைப் பொறுத்தவரை, அரை மாத்திரை கொடுக்கச் சொல்லியிருந்தால் குறியீடு இருப்பது முழு மாத்திரையின் உறையில். அதைச் செவிலியர் உடைத்தாரா இல்லையா என்பது கணினிக்குத் தெரியாது. ஒரு குப்பியிலிருந்து எத்தனை மில்லி ஊசிக்குழலில் ஏற்றினார் என்பதும் தெரியாது. வழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே நோயாளியின் உடலில் நரம்பூசிக் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய், முதுகுத்தண்டு வலிநிவாரணக் குழாய் என்று மூன்று இருக்கலாம். சரியான மருந்துப் பையை ஸ்கேன் செய்துவிட்டுத் தவறான குழாயில் இணைத்தாலும் திரையில் பச்சை நிறம்தான் தெரியும். மாத்திரை வாய்க்குள் போயிற்றா, தலையணைக்கு அடியில் போயிற்றா என்பதும் அப்படியே. ஆயினும் பதிவேட்டில் ‘இன்ன நேரத்தில் கொடுக்கப்பட்டது’ என்று மணி, நிமிடத்தோடு ஏறிவிடும். கைப்பட எழுதிய பதிவை ஐயத்தோடு படிக்கும் மருத்துவர்கூட, இயந்திரம் நேரம் குறித்த பதிவை ஐயப்படுவதில்லை.

வார்டுக்குள் இந்தக் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சித்திரம், ராஸ் கோப்பல் என்ற சமூகவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. ஐந்து மருத்துவமனைகளை ஆராய்ந்த அவர்கள், செவிலியர்கள் பார்கோடு முறையைச் சுற்றிப் போவதற்குக் கையாளும் 15 வகைக் குறுக்குவழிகளையும், அவற்றுக்கான 31 காரணங்களையும் பதிவு செய்தனர். கணினி எழுப்பிய எச்சரிக்கைகளை, நோயாளிகளில் 4.2 சதவீதத்தினருக்கும் மருந்துகளில் 10.3 சதவீதத்துக்கும் செவிலியர்கள் மீறிச் சென்றிருந்தனர். குறுக்குவழிகளில் ஒன்றைச் சொன்னால் போதும். நோயாளியின் கையில் இருக்க வேண்டிய குறியீட்டுக்கு இன்னொரு பிரதி அச்சிட்டு, அதை மருந்துத் தள்ளுவண்டியிலும், அறையின் கதவு நிலையிலும், ஸ்கேனரின் மேலேயே கூடவும் ஒட்டி வைத்திருந்தார்கள். சிலர் இடுப்பு வளையத்தில் சாவிக்கொத்துப் போல மாட்டிக்கொண்டிருந்தார்கள். வளையத்தில் தொங்கும் அட்டையை ஸ்கேன் செய்தால் ‘நோயாளி சரி’ என்று கணினி சொல்லும். நோயாளி அப்போது அடுத்த கட்டிலில் இருக்கலாம், எக்ஸ்ரே அறையில் இருக்கலாம்.

இதைப் படித்தவுடன் செவிலியர்களின் அலட்சியம் என்று தீர்ப்பெழுதத் தோன்றும். அந்த 31 காரணங்களைப் படித்தால் அப்படித் தோன்றாது. மருந்து உறையில் குறியீடு கசங்கியிருக்கிறது, மை கரைந்திருக்கிறது, அதன் மேல் வேறொரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது குறியீடே இல்லை. கைப்பட்டை நனைந்திருக்கிறது; பிள்ளைகள் மென்று துப்பியிருக்கிறார்கள்; அறுவை அரங்கில் ஊசி குத்த இடம் வேண்டுமென்று வெட்டி எடுத்துவிட்டார்கள். ஸ்கேனரில் சார்ஜ் இல்லை. வராந்தாவின் கடைசி அறையில் வைஃபை எட்டவில்லை. கணினி வண்டி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நுழையவில்லை. தொற்றுக்காகத் தனிமைப்படுத்திய அறைக்குள் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. பின்னிரவு இரண்டு மணிக்குத் தூங்கும் நோயாளியின் போர்வையை விலக்கிக் கையைத் தேடி எடுத்து, சிவப்பு ஒளியைக் காட்டி, பீப் ஒலியோடு எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு இரவுப் பணியில் பல நோயாளிகளுக்குப் பல மருந்துகளைக் கொடுக்கும் ஒருவர், பத்தில் ஒரு முறை கருவி மக்கர் செய்தாலே மாற்று வழி தேடத்தான் செய்வார். வார்டின் அன்றாடத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்படாத ஒரு கருவிக்கு வார்டு தந்த பதில் என்றே குறுக்குவழியைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பதிலின் விலையை நோயாளி கொடுக்க நேர்கிறது.

கைப்பட்டையை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கோடுகளால் ஆன பழைய வகைக் குறியீட்டைப் படிக்க, அதன் இரு முனைகளும் ஒரே நேரத்தில் ஸ்கேனரின் பார்வைக்குள் வர வேண்டும். மளிகைப் பொட்டலத்தின் தட்டையான முதுகில் அதற்குத் தடையில்லை. பச்சிளம் குழந்தையின் மணிக்கட்டு விரல் பருமன்தான். பட்டையைச் சுற்றிக் கட்டியதும் குறியீட்டின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் போய்விடும். பெரியவர்களிடம்கூடப் பட்டை புரண்டுகொள்கிறது, சலைன் ஊசியைப் பிடித்து வைத்த பிளாஸ்டருக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. வெப்பத்தால் அச்சிடும் காகிதப் பட்டைகளில் எழுத்து கைக் கிருமிநாசினி பட்டுப் பட்டு மங்கிவிடும். பல நாள் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு, அதாவது மருந்து அதிகம் தேவைப்படும் நோயாளிக்குத்தான், பட்டை மிக மோசமான நிலையில் இருக்கும். சதுரமான புள்ளிக் குறியீடுகள் சிறிய இடத்தில் அடங்குகின்றன, ஓரளவு சிதைந்தாலும் தம்மைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கைப்பட்டைக்கு அந்த வகையையே தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆனால் அவற்றைப் படிக்கக் கேமரா வகை ஸ்கேனர்கள் தேவை. பழைய லேசர் ஸ்கேனர்களை வாங்கிக் குவித்துவிட்ட மருத்துவமனை, அவற்றை மாற்றும் செலவுக்கு அஞ்சிக் கோடுகளிலேயே தங்கிவிடுகிறது.

படிக்க முடியாத குறியீட்டைவிட ஆபத்தானது, தவறாகப் படிக்கப்படும் குறியீடு. அப்படி நடக்கவே நடக்காது என்று பலர் நம்புகிறார்கள். ரத்தச் சர்க்கரையைக் கட்டிலருகே அளக்கும் கருவிகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வகத்தினர், கைப்பட்டையிலிருந்து கருவி எடுத்துக்கொண்ட எண் வேறொரு எண்ணாக இருந்ததை 2010-இல் வெளியிட்டனர். அச்சில் நேர்ந்த சிறு சிறு குறைகள், அந்த அச்சின் நுணுக்கத்துக்குப் பொருந்தாத ஸ்கேனர், குறியீட்டை அச்சிட்ட திசை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தப் பிழையை உண்டாக்கியிருந்தன. சில பழைய குறியீட்டு வகைகளில், படித்தது சரியா என்று சரிபார்க்கும் கூடுதல் இலக்கம் கட்டாயமில்லை. ஒருவரின் சர்க்கரை அளவு இன்னொருவரின் கணக்கில் ஏறினால், அடுத்து அந்த இன்னொருவருக்கு இன்சுலின் ஏறும். எழுத்தர் கைப்பிழையாக ஓர் எண்ணை மாற்றி எழுதினால் யாராவது ஐயப்படலாம். ஸ்கேன் செய்து வந்த எண்ணை ஐயப்பட யாருக்கும் தோன்றாது.

லேபிள் எங்கே, எப்போது ஒட்டப்படுகிறது என்பதும் இதே கணக்கில் சேரும். தொழிற்சாலையிலிருந்து மருந்து பெரிய டப்பாவில் வந்தால், மருத்துவமனை மருந்துப் பிரிவே அதைப் பிரித்து, ஒவ்வொரு மாத்திரையாகச் சிறு உறையிலிட்டுக் குறியீடு ஒட்டுகிறது. அங்கே ஒரு கட்டு லேபிள் மாறிப்போனால், முன்பு ஒரு நோயாளியோடு நின்றிருக்கக்கூடிய பிழை ஒரே மூச்சில் நூறு உறைகளுக்குப் பரவும். நூறும் கட்டிலருகே பிழையின்றி ‘பீப்’ ஒலிக்கும். ரத்தம் எடுப்பதிலும் இதுவே. நோயாளியின் அருகிலேயே லேபிளை அச்சிட்டு உடனே குழாயில் ஒட்ட வேண்டும் என்பதுதான் முறை. அச்சுப்பொறி செவிலியர் மேசையில்தான் இருக்கிறது என்றால், பத்து நோயாளிகளின் லேபிள்களும் ஒரே சுருளாக அச்சாகித் தட்டில் கிடக்கும். இவருடைய ரத்தம் அவருடைய லேபிள் ஒட்டிய குழாய்க்குள் போய்விட்டால், அதற்குப் பிறகு ஆய்வகத்தில் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பிழை வெளிப்படாது. ஒவ்வொரு ஸ்கேனும் அந்தப் பிழையை இன்னும் உறுதியாக முத்திரையிடும்.

படைவீரர் மருத்துவமனைகளில் புதுமுறை வந்த தொடக்க ஆண்டுகளிலேயே எமிலி பேட்டர்சன், ரிச்சர்ட் குக், மார்டா ரெண்டர் ஆகியோர் அங்கே உட்கார்ந்து கவனித்து, 2002-இல் ஐந்து பக்கவிளைவுகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் இரண்டு என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன. ஒன்று, மருத்துவருக்கும் செவிலியருக்கும் நடுவே தகவல் ஒழுங்கு குலைந்தது. காகித அட்டவணை கட்டிலின் காலடியில் தொங்கிய காலத்தில், வார்டைச் சுற்றி வரும் மருத்துவர் அதைப் புரட்டி, நேற்றிரவு எந்த மருந்து கொடுக்கப்படவில்லை என்று ஒரு பார்வையில் கண்டுகொள்வார். அட்டவணை கணினிக்குள் போனதும், அதைத் திறந்து பார்க்கும் வேலை செவிலியருடையதாயிற்று. மருத்துவர் பார்ப்பது குறைந்தது. மற்றது, கண்காணிக்கப்படும் வேலைக்கு முன்னுரிமை கூடியது. மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதை இயந்திரம் நிமிடக் கணக்கில் பதிகிறது; நோயாளியின் முகம் வெளிறியதைக் கவனித்து ஐந்து நிமிடம் அருகில் நின்றதை அது பதிவதில்லை. தாமதம் மட்டும் சிவப்பு எழுத்தில் தெரியும் என்றால், எந்த வேலை முதலில் நடக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்ணிக்கை இலக்காக மாறும்போது இது இன்னும் கூர்மையாகிறது. மருத்துவமனைகளைத் தரமிடும் லீப்ஃபிராக் என்ற அமெரிக்க அமைப்பு, மருந்து கொடுக்கும் வேளைகளில் குறைந்தது 95 சதவீதத்தில் நோயாளியும் மருந்தும் ஸ்கேன் செய்யப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நோக்கம் நல்லதே. ஆனால் கதவு நிலையில் ஒட்டிய பிரதியை ஸ்கேன் செய்தாலும் அது கணக்கில் ‘ஸ்கேன் ஆனது’ என்றே சேரும். மருந்தைக் கொடுத்து முடித்துவிட்டு வெற்று உறையைப் பிறகு ஸ்கேன் செய்தாலும் அப்படியே. மேலாளரின் அறிக்கையில் 97 சதவீதம் என்று மின்னும் வார்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை, அங்கே ஓர் இரவு நின்று பார்த்தாலொழிய அறிய வழியில்லை.

ஸ்கேனர் இல்லாத இடங்களின் கதை வேறு. 2017 டிசம்பரில் டென்னசி மாநிலத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், உடலுக்குள் படமெடுக்கும் ஸ்கேன் பரிசோதனைக்குப் போன 75 வயது மூதாட்டிக்குப் படபடப்பு குறைய வெர்செட் என்ற மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தானியங்கி மருந்து அலமாரியில் மருந்தின் முதல் இரு எழுத்துகளைத் தட்டிய செவிலியர், வணிகப் பெயர் கிடைக்காமல், மீறல் வழியில், அதாவது மருந்தாளுநர் சரிபார்க்கும் முன்பே அவசரத்துக்கு அலமாரியைத் திறக்கும் வழியில், வேறொரு குப்பியை எடுத்துவிட்டார். அது தசைகளை முடக்கும் வெக்குரோனியம். மூதாட்டி இறந்தார். வார்டுகளில் பார்கோடு முறை நடப்பில் இருந்தபோதும், அந்தப் பரிசோதனைப் பகுதியில் பார்கோடு ஸ்கேனர் இருக்கவில்லை. 2022-இல் நீதிமன்றம் அந்தச் செவிலியரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. இறுதிப் பொறுப்பு யாருடையது என்று அமெரிக்கச் செவிலியர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் பொருளுக்குத் தேவையானது இவ்வளவுதான்: ஸ்கேனர் தடுத்து நிறுத்தும் என்ற பழக்கத்தோடு வேலை செய்யும் ஒருவர், ஸ்கேனர் இல்லாத அறைக்குப் போகும்போது அந்தப் பழக்கத்தையும் உடன் எடுத்துக்கொண்டுதான் போகிறார். அவசர சிகிச்சை, கதிரியக்கப் பிரிவு, அறுவை அரங்கம் போன்ற இடங்களில்தான் ஆபத்தான மருந்துகள் அதிகம். ஸ்கேனர் கடைசியாக வந்து சேரும் இடங்களும் பெரும்பாலும் அவையே.

கணினியே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை டெல்லி எய்ம்ஸ் அறியும். 2022 நவம்பர் 23 அன்று நடந்த இணையத் தாக்குதலில் அதன் சர்வர்கள் முடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரம் புறநோயாளிச் சீட்டிலிருந்து ஆய்வக முடிவு வரை கையால் எழுதித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. காகிதத்தில் பழகிய மூத்த ஊழியர்கள் இருக்கும் வரை சமாளிக்கலாம். பார்கோடு இல்லாமல் ஒரு நாள்கூட வேலை பார்த்திராத தலைமுறை வந்த பிறகு, அப்படிப்பட்ட இரண்டு வாரம் மிக நீளமாக இருக்கும்.

கோடுகளின் தொல்லை வேண்டாம், ரேடியோ அலைப் பட்டைகளுக்கு மாறிவிடலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. போர்வையை விலக்காமலே படிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் தீவிர சிகிச்சைக் கருவிகள் 41-ஐ வைத்து, நோயாளி இல்லாத அறையில் நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனையில், 123 தேர்வுகளில் 34 முறை அந்த அலைகள் கருவிகளைக் குழப்பின. அவற்றில் 22 ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்டன. மேலும், அறையில் இருவர் இருந்தால் யாருடைய பட்டை படிக்கப்பட்டது என்ற புதுக் கேள்வியும் எழும்.

இந்தியாவில் இந்த விவாதம் வேறொரு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. 2022 நவம்பரில் வெளியான ஒன்றிய அரசின் அறிவிக்கையின்படி, 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முன்னணி மருந்துப் பெயர்களின் உறையில் பார்கோடோ கியூஆர் குறியீடோ இருந்தாக வேண்டும். டோலோ, கால்பால், மெஃப்டால் எல்லாம் அதில் அடங்கும். தயாரிப்புத் தொகுதி எண், காலாவதி நாள், உற்பத்தி உரிம எண் ஆகியவையும் குறியீட்டுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க விதி மருந்தின் அடையாள எண்ணை மட்டும் கட்டாயமாக்கி, தொகுதி எண்ணையும் காலாவதியையும் விட்டுவிட்டது. ஆகவே அங்கே குறியீட்டில் அந்த எண் மட்டுமே இருந்தால், காலாவதியான மருந்தை ஸ்கேன் செய்தாலும் பீப் ஒலி தடையில்லாமல் எழும். அந்த வகையில் இந்திய விதி ஒரு படி மேல். ஆனால் அது போலி மருந்தைக் கண்டுபிடிப்பதற்காக எழுதப்பட்ட விதி. உறையில் இடம் போதாவிட்டால் குறியீட்டை வெளி அட்டைப்பெட்டியில் இட்டால் போதும் என்றும் அது சொல்கிறது.

வார்டில் கட்டிலருகே பார்கோடு முறையைக் கொண்டுவர விரும்பும் ஒரு மருத்துவமனைக்கு இந்த இடம்தான் சிக்கல். அமெரிக்க முறை, மாத்திரை ஒவ்வொன்றும் தனி உறையில் தனிக் குறியீட்டோடு வரும் என்பதை அடித்தளமாகக் கொண்டது. நம் நாட்டில் மாத்திரை பத்துப் பத்தாக அட்டையில் வருகிறது. மருந்துப் பிரிவு நோயாளிக்கு மூன்று தேவையென்றால் கத்தரிக்கோலால் மூன்றை வெட்டித் தருகிறது. வெட்டிய பிறகு குறியீடு எந்தத் துண்டோடு போகும் என்பது அட்டையை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. பெயரும் காலாவதி நாளும் இல்லாத துண்டு மாத்திரைகள் நம் வீட்டு மருந்துப் பெட்டிகளிலேயே எத்தனை கிடக்கின்றன என்று பார்த்தால் புரியும். வார்டில் ஸ்கேன் செய்ய வேண்டுமானால் அந்த மூன்று மாத்திரைகளையும் யாரோ ஒருவர் பிரித்து, உறையிலிட்டு, லேபிள் அச்சிட்டு ஒட்ட வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டும், ஆள் வேண்டும், ஒட்டியதைச் சரிபார்க்க இன்னொரு மருந்தாளுநர் வேண்டும். ஸ்கேனரின் விலையைக் கேட்டுவிட்டு அமைதியாகும் நிர்வாகங்கள் இந்தச் செலவைத் திட்டத்தில் எழுதுவதில்லை. எழுதாதபோது அந்த வேலை வந்து சேரும் இடம், இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் மேசை. ஒரு கையில் வெட்டிய அட்டையும் மறு கையில் ஸ்கேனருமாக நிற்கும் அவர், வெளி அட்டைப்பெட்டியின் குறியீட்டை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ள அதிக நாள் ஆகாது.